நான்காம் கவுன்ட்டரில் அடிதடி

எங்கள் ஊரில் "கடைக்குப் போயிட்டு வரேன்" என்றால் எந்தக் கடை என்று யாரும் கேட்பதில்லை. இருப்பது ஒன்றுதான். பக்கத்து ஊரிலும் அதே கடைதான், அதற்கடுத்த ஊரிலும் அதே கடைதான். அதே பச்சைப் பலகை, அதே பாட்டு, நுழைந்ததும் இடது பக்கம் அதே உருளைக்கிழங்கு. மற்ற கடைகளை எல்லாம் அது எப்போதோ விழுங்கி ஏப்பம் விட்டுவிட்டது. அதனால் அந்தக் கடையைப் பற்றிக் கருத்துச் சொல்வது வெயிலைப் பற்றிக் கருத்துச் சொல்வது மாதிரி. எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டு அதிலேயே நடந்து போவார்கள்.

அந்தக் கருத்துகளை வாங்குவதுதான் என் வேலை. பிற்பகல் மூன்றிலிருந்து ஏழு வரை. வாசல் பக்கம் ஒரு மேசை, அதன் மேல் சோப்பு டப்பா அளவில் ஒரு கருவி. பையோடு வெளியே போகிறவர்களை மறித்து, எந்த கவுன்ட்டரில் பில் போட்டார்கள், எப்படி இருந்தது என்று கேட்டு, கருவியை அவர்கள் வாய்க்கு நேரே நீட்ட வேண்டும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு கருத்து. அவர்கள் சொல்வது அப்படியே தலைமை அலுவலகத்துக்குப் போகும். அங்கே ஒரு கம்ப்யூட்டர் அதைக் கேட்டு மகிழ்ச்சி, குறை, ஆபத்து என்று மூன்றாகப் பிரிக்கும். நானாக எதையும் கூட்டவோ குறைக்கவோ முடியாது. முடிந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

என்னென்ன கருத்து வரும் என்கிறீர்கள். டிராலி எல்லாம் இடது பக்கமே இழுக்கிறது, பிஸ்கட் வரிசை இடது பக்கம் இருப்பதால் வேண்டுமென்றே அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள் என்று ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் தினமும் சொல்வார். குளிர்சாதனம் தன் முழங்காலைக் குறிவைத்தே ஓடுகிறது என்பது ஒரு நர்சம்மாவின் கட்சி. எல்லாருக்கும் மேலே ஒருவர் இருந்தார். இந்தக் கடை சின்ன வியாபாரிகள் வயிற்றில் அடிக்கிறது, இதன் வாசலை மிதிக்கவே மாட்டேன் என்று சபதம் எடுத்தவர். அந்தச் சபதத்தை நாலு பேர் அறிய வேண்டுமே என்று தினமும் சாயங்காலம் கடைக்குள் வந்து, வரிசை வரிசையாகப் போய்ச் சொல்லிவிட்டு, வந்ததற்கு ஒரு பல்பொடியோ சோப்போ வாங்கிக்கொண்டு போவார். அவருக்குப் பகிஷ்காரம் என்றே பெயர் விழுந்துவிட்டது.

இனி என் நாத்தனார். என் கணவரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவர்தான் நான்காம் கவுன்ட்டரின் கேஷியர். கணவர் தவறிப் போன பிறகு எங்களோடு வந்து இருக்கிறார், பத்து வருஷம் ஆகிறது. கைவேகம் என்றால் அப்படி ஒரு கைவேகம். வாய்வேகம் அதைவிட அதிகம். "வீட்டுல பல்பு போயிடுச்சுன்னு சொன்னீங்களே, பல்பைக் காணோம், பிஸ்கட் மட்டும் நாலு இருக்கு. போய் எடுத்துட்டு வாங்க, நான் நிக்கறேன்" என்று வரிசையையே நிறுத்தி வைத்து ஆளைத் திருப்பி அனுப்புவார். முட்டைப் பெட்டியைத் திறந்து பார்த்து, கீறல் விட்டதை மாற்றி வரச் சொல்வார். சர்க்கரை வியாதிக்காரர் கையிலிருந்து கேக்கைப் பிடுங்கித் தன் பின்னால் வைத்துக்கொள்வார். இவ்வளவுக்கும் பிறகு கடையிலேயே நீளமான வரிசை அவருடையதுதான். மற்ற மூன்று கவுன்ட்டர் காலியாக இருந்தாலும் ஜனங்கள் அவரிடமே போய்த் திட்டு வாங்கிக்கொண்டு நிற்பார்கள்.

கடையில் திட்டு வாங்குகிறவர்கள் அரை மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நான் எங்கே போவது? அவரும் நானும் ஒரே வீடு. வார விடுமுறை நாளில் அவர் அடுக்களைக்குள் வந்தால் நான் வெளியே வந்துவிட வேண்டியதுதான். அலமாரியில் இருக்கும் ஒவ்வொரு டப்பாவையும் எடுத்து, பில் போடுகிற பழக்கத்தில் திருப்பி, கோடு போட்ட பக்கத்தைத் தேடி, தேதி பார்த்து, வேறு இடத்தில் வைப்பார். "வீட்டுல இருக்கறது மூணு பேர், சீப்பு எதுக்கு அஞ்சு?" என்பார். பதில் சொன்னால் ஒரு கேள்வி, சொல்லாவிட்டால் இரண்டு.

அதனால் அவர் வேலைக்குப் போகும் ஆறு நாளும், காலை ஒன்பதிலிருந்து மூன்று வரை, எனக்கு ராஜ்ஜியம். என் கணவரும் வேலைக்குப் போயிருப்பார். ரேடியோவைச் சத்தமாக வைப்பேன். காலைத் தூக்கி முக்காலி மேல் போட்டுக்கொள்வேன். பாத்திரத்திலிருந்தே நின்றபடி வழித்துச் சாப்பிடுவேன். யார் கேட்பது? உலகத்தில் எனக்கென்று இருந்தது அந்த ஆறு மணி நேரம்தான். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அதற்காக நான் எதையும் செய்வேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு திங்கட்கிழமை மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். எல்லா ஊர்க் கிளைகளையும் சேர்த்து, கேஷியர்களின் தரவரிசை. கடைசி இடம் எங்கள் நான்காம் கவுன்ட்டர். முதல் இடம் எங்கள் இரண்டாம் கவுன்ட்டர்.

"ரெண்டாம் கவுன்ட்டரா? அவர் ஒரு சோப்புக்கு அரை மணி நேரம் பில் போடுவாரே சார்."

"அதான் எனக்கும் புரியலை. கடைசி இடத்துக்கு வந்தவங்க கவுன்ட்டரை எடுத்துட்டு மெஷின் வெக்கப் போறாங்களாம். ஜனங்களே பில் போட்டுக்கணும். உங்க அண்ணி வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

ரேடியோ, முக்காலி, பாத்திரம் எல்லாம் கண்முன்னே வந்து போயின. காகிதத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். கருத்துகளை வரிக்கு வரி அச்சடித்துப் பக்கத்திலேயே தீர்ப்பும் போட்டிருந்தார்கள்.

'பரவாயில்லை' என்று முந்நூறு பேர் சொல்லியிருந்தார்கள். வார்த்தையில் 'இல்லை' இருக்கிறது, ஆகவே குறை. 'குறை சொல்ல ஒண்ணுமில்லை' என்றவருக்கு ஒரு குறையும் ஓர் இல்லையும் சேர்த்து இரண்டு குறை. 'வாய்தான் கத்தி, மனசு வெண்ணெய்' என்று நர்சம்மா சொன்னது கத்திக்காக ஆபத்துக்கும், வெண்ணெய்க்காகப் பால்பொருள் பிரிவுக்கும் போயிருந்தது. கடைசியாகத் தெருமுனைத் தையல்காரர் சொன்னது: 'அந்தம்மாவை அடிச்சுக்க ஆளே இல்லை.' அதற்கு நேரே சிவப்பு மையில், 'ஆபத்து. வாடிக்கையாளர் மீது தாக்குதல். மேலும், ஆள் பற்றாக்குறை.'

இரண்டாம் கவுன்ட்டருக்கு வந்தவற்றையும் பார்த்தேன். 'ரொம்ப நல்லா இருக்கு, நாங்க நிக்கறோம், நீங்க பொறுமையா போடுங்க.' மகிழ்ச்சி. 'நல்லா இருக்கு உங்க நியாயம்.' மகிழ்ச்சி. 'அடடா, பிரமாதம், மீதியை மறந்துட்டீங்களே.' பெரு மகிழ்ச்சி.

எங்கள் ஜனங்கள் பிடித்ததைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்களா? எனக்குக் கல்யாணம் ஆனபோது மாப்பிள்ளை எப்படி என்று கேட்டதற்கு என் சித்தி "பரவாயில்லை" என்றாள். அதைவிடப் பெரிய பாராட்டு எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடைத்ததில்லை. இதை அந்தக் கம்ப்யூட்டருக்கு யார் போய்ச் சொல்வது?

மூன்றாம் நாள் மத்தியானம், நான் வேலைக்கு வந்து உட்காரவும், தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து இறங்கினார். கண்ணாடி போட்ட, சாதுவான மனிதர். கையில் ஒரு முதலுதவிப் பெட்டி. அடிபட்டவர்கள் எங்கே என்றுதான் முதலில் கேட்டார். மேனேஜர் அறையில் அண்ணியை உட்கார வைத்தார்கள். அண்ணிக்கு ஒன்றும் தெரியாது, நாங்கள் சொல்லவில்லை.

"அம்மா, மறைக்காம சொல்லுங்க. நீங்க யாரை அடிச்சீங்க?" என்றார் அதிகாரி.

அண்ணி கொஞ்சம் யோசித்தார். "எப்ப?" என்றார்.

அதிகாரி பேனாவைத் திறந்துவிட்டார். நான் குறுக்கே விழுந்து, பரவாயில்லை என்றால் என்ன, அடிச்சுக்க ஆளில்லை என்றால் என்ன என்று மூச்சு விடாமல் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். நம்பவும் செய்தார். அதுதான் கொடுமை.

"எனக்குப் புரியுதும்மா. எங்க வீட்டுலயும் அப்படித்தான் பேசுவோம். ஆனா கணக்கு கம்ப்யூட்டரோடது, நான் கை வெக்க முடியாது. ஒண்ணு செய்யலாம். இன்னிக்கு ஏழு மணிக்குள்ள, என் எதிர்ல, நாலாம் கவுன்ட்டருக்குப் பத்து பேர்கிட்ட மகிழ்ச்சி வாங்கிக் குடுங்க. மறுபரிசீலனைன்னு எழுதிடறேன். ஒண்ணு குறைஞ்சாலும் என்னால முடியாது."

கருவி மேனேஜர் மேசைக்கு வந்தது. தீர்ப்பு அங்கேயே விளக்கில் தெரியும்படியும், ஏழு மணிக்குத்தான் கணக்கில் ஏறும்படியும் அதிகாரி அதை மாற்றி வைத்தார். அதிகாரி ஒரு பக்கம், அண்ணி ஒரு பக்கம். அண்ணி அங்கே இருக்க வேண்டாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "என்னைப் பத்தி என்ன சொல்றாங்கன்னு நான் கேக்கக் கூடாதா?" என்று நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

நான் கடைக்குள் போய் ஆள் பிடித்தேன். ஒவ்வொருவரிடமும் ஒரே பாடம். இல்லை என்று சொல்லக் கூடாது. குறை என்ற வார்த்தையே வரக் கூடாது. நல்லா என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

முதலில் வந்தவர் தையல்காரர். அவர் போட்ட பழிதானே இது.

"இல்லைன்னு சொல்லக் கூடாதா? சரி, நான் இல்லைன்னே சொல்லலை" என்றார் கருவிக்கு நேராக. சிவப்பு விளக்கு எரிந்தது. குறை.

அது அவர் பேச ஆரம்பிக்கும் முன்பே விழுந்தது என்று வாதாடி அழிக்க வைத்தேன். அதிகாரி தயங்கித்தான் அழித்தார். "நல்லா இருக்காங்கன்னு சொல்லுங்க" என்று தையல்காரரிடம் கெஞ்சினேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"அது எப்படிம்மா? ஒரு பொம்பளையைப் பத்தி நல்லா இருக்காங்கன்னு நான் பதிவு பண்ணினா, என் வீட்டுல என்ன நினைப்பா? முப்பது வருஷத்துல அவளையே நான் அப்படிச் சொன்னது கிடையாது."

"சரி, நன்றுன்னு சொல்லுங்க."

"அது புஸ்தகத்துல வர்ற வார்த்தை. வாயால யாராவது சொல்வாங்களா?"

எப்படியோ சொல்ல வைத்தேன். "நன்று" என்று வைத்தியரிடம் நாக்கை நீட்டுவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். பச்சை விளக்கு. ஒன்று. அன்றைக்கு அதுவே எங்கள் மந்திரம் ஆயிற்று. தலைமை ஆசிரியருக்குத்தான் பரம சந்தோஷம். இப்படி ஒரு வார்த்தையை வாய்விட்டுச் சொல்லும் நாளுக்காகவே காத்திருந்தவர்போல் எழுந்து நின்று "நன்று, மிக நன்று, நனிநன்று" என்றார். ஒருவருக்கு ஒன்றுதான் கணக்கு என்று அதிகாரி அவரை உட்கார வைத்தார். நர்சம்மா நன்றாகத்தான் ஆரம்பித்தார். "நன்று. ஆனா அந்தக் குளிர்" என்று அவர் தொடர்வதற்குள் கருவியைப் பிடுங்கிவிட்டேன்.

எல்லாம் இப்படிச் சரியாகப் போகவில்லை. ஓர் அம்மாள் "நன்றுன்னு சொல்றதுல தப்பே இல்லை" என்றாள். போயிற்று. ஒரு டிரைவர் "அவங்களைப் பத்தி நன்றுன்னு ஒரு வார்த்தையில சொல்லிட முடியுமா, அதுக்கு வார்த்தையே இல்லை" என்று நெஞ்சைத் தொட்டுச் சொன்னார். அதுவும் போயிற்று. ஆறரைக்கு எட்டு ஆகியிருந்தது. அப்போது பகிஷ்காரம் உள்ளே நுழைந்தார்.

"இந்தக் கடையைப் பத்தி நான் நன்றுன்னு சொல்றதா? என் கொள்கை என்ன ஆகறது?"

"கடையைப் பத்தி வேண்டாங்க. எங்க அண்ணியைப் பத்தி."

அவர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி, "நீங்க நேத்து வாங்கின பல்பொடி வேண்டாம், உங்க ஈறுக்கு அது காந்தும், வேற எடுத்து வெச்சிருக்கேன்" என்றார். பகிஷ்காரம் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, யாருக்கோ சொல்வதுபோல் "நன்று" என்றார். ஒன்பது.

அதோடு மழை பிடித்துக்கொண்டது. ஈ காக்கை கூட உள்ளே வரவில்லை. நான் வாசலுக்கும் அறைக்கும் நடந்து நடந்து கால் ஓய்ந்துபோனேன். கடிகாரம் ஏழுக்குப் பத்து நிமிஷம் காட்டியது. மற்ற கேஷியர்கள் போட்டியில் இருக்கிறவர்கள், அவர்கள் சொல்லக் கூடாதாம். மேனேஜரும் கூடாதாம்.

அதிகாரி என்னைப் பார்த்தார். "ஏம்மா, நீங்க கேஷியர் கிடையாதே. வீட்டுக்கு இங்கதானே வாங்கறீங்க?"

"வேற எங்க சார் வாங்கறது?"

"அப்ப நீங்களும் வாடிக்கையாளர்தான். சொல்லுங்க."

மேனேஜர் பெருமூச்சு விட்டார். நான் ஓடிப் போய்க் கருவியை எடுத்தேன். ஒரே வார்த்தை. மத்தியானத்திலிருந்து ஐம்பது தடவை ஊருக்குச் சொல்லிக் கொடுத்த வார்த்தை. வாயைத் திறந்தேன். அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் பேசும்போது முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் இருந்தவர், இப்போது புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். பத்து வருஷத்தில் அவரைப் பற்றி நல்லதாக ஒரு சொல் அவர் காதுபட நான் சொன்னதில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தப் புத்தக வார்த்தையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இவங்களைப் பத்தி என்னத்தைச் சொல்ல" என்று ஆரம்பித்தேன். "வாயைத் திறந்தா யாராலயும் தாங்க முடியாது. என் சமையலைப் பத்தி ஒரு நாள் நல்லதா ஒரு வார்த்தை சொன்னது கிடையாது. நான் கால் உடைஞ்சு கிடந்தேனே, மூணு மாசம், காலையில வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி என்னைத் தூக்கிட்டுப் போய்க் குளிப்பாட்டி, தலை வாரி, திட்டிக்கிட்டே சோறு ஊட்டிட்டுப் போவாங்க. ஒரு நாள் கூட மூஞ்சி சுளிக்கலை. என்னைப் பெத்தவ ரெண்டு நாள் இருந்துட்டு ஊருக்குப் போயிட்டா. இவங்க இல்லைன்னா நான் இல்லை. எங்க வீடே இல்லை."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டேன். கருவி மூன்று முறை சிவப்பாக எரிந்தது. சின்னத் திரையில் எழுத்து ஓடியது. 'குறை. குறை. ஆபத்து: கால் முறிவு.'

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பரவாயில்லைம்மா" என்று சொல்லிவிட்டு, சட்டென்று கருவியைப் பார்த்துக்கொண்டார். "முதல் தடவை அழிச்ச மாதிரி இதையும் அழிச்சிடறேன். இன்னும் நாலு நிமிஷம் இருக்கு. அழிச்சதும் நீங்க அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிடுங்க. முடிஞ்சது."

"அழிக்காதீங்க" என்றார் அண்ணி.

"அம்மா, இது கணக்குல ஏறினா உங்க வேலை போயிடும்."

"போகட்டும். அது அப்படியே இருக்கட்டும்." அவர் கை கருவியின் மேல் இருந்தது. குரல் வழக்கமான குரல்தான், ஆனால் மூக்கு சிவந்திருந்தது. "இன்னொரு தடவை போடுங்க, கேக்கறேன்."

அதிகாரி போட்டார். அண்ணி தலையைச் சாய்த்து முழுவதையும் கேட்டார். "மூணு மாசம் கிடையாது, மூணரை மாசம்" என்றார்.

ஏழுக்கு இரண்டு நிமிஷம். அதிகாரி என்னைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினார், அவர் கை மெதுவாக அழிக்கும் பொத்தான் பக்கம் நகர்ந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தால் போதும். நாளையிலிருந்து இந்தப் பெண்மணி காலை முதல் ராத்திரி வரை என் அடுக்களையில்தான் இருப்பார், என் ரேடியோவை அணைப்பார், என் சீப்புகளை எண்ணுவார், அது எனக்கு அந்த நிமிஷம் மிக நன்றாகத் தெரிந்திருந்தது. ஆனாலும் அதிகாரியின் கையைப் பிடித்து நிறுத்தியது நான்தான்.

"விடுங்க சார்" என்றேன். "அவங்க சொல்றபடியே இருக்கட்டும்."